ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. அரச அலுவலகத்தில் கதிரையை விட்டு எழும்பாத வேலை. போன மாதம் இரத்தப் பரிசோதனையில் வெறுவயிற்றுச் சீனி 112 என்று வந்தது, நடக்கச் சொன்னார்கள். நடை அலுத்துப்போனதால் ஓடத் தொடங்கினேன். மூன்று கிழமை ஆகிறது. இரண்டு நிமிடத்தில் மூச்சு இளைத்து நின்றுவிடுகிறேன். இப்போது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பும் நோகிறது. ஓடினால் மனதுக்குச் சந்தோஷம் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. மாமி வேறு, "ஆர் பிள்ளை உன்னைத் துரத்துகினம்?" என்று கேட்கிறா. இந்த வயதில் இது தேவைதானா? முழங்கால் தேய்ந்துவிடாதா?
வாசகி, கொக்குவில்

பதில்:

சகோதரி, மாமியைக் கோபிக்காதீர்கள். உங்கள் பிரச்சினையை அவர்தான் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆரோ துரத்துகிற மாதிரித்தான் நீங்கள் ஓடுகிறீர்கள்.

எங்களில் பெரும்பாலானோர் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில். நூறு மீற்றர், இருநூறு மீற்றர், அஞ்சல். வெடி கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது. கொஞ்சம் நீண்ட ஓட்டம் எல்லாமே எங்களுக்கு 'மரதன்'. உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர் என்பதைப் பற்றி ஆருக்கும் கவலையில்லை. இருபத்தைந்து வருடம் கழித்துச் சப்பாத்தைக் கட்டினாலும் கால் அந்தப் பழைய வேகத்தையே தேடும். இளைப்பு, கால் நோ, சந்தோஷம் தெரியாதது என்று மூன்று முறைப்பாடு எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேகம்தான்.

எவ்வளவு மெல்ல ஓடுவது என்பதற்கு மணிக்கூடு தேவையில்லை. ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லுங்கள். "ஏழேழு நாற்பத்தொன்பது" ஒரே மூச்சில் வந்து, அடுத்த வரிக்கு முன் ஒருமுறை மூச்செடுத்தால் போதும் என்றிருந்தால் வேகம் சரி. "ஏழேழு" என்றதும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் கூடிப்போய்விட்டது. எண்பத்துநான்கு வரை நிற்காமல் பாடவே முடிகிறது என்றால் சற்றுக் கூட்டலாம். உங்களுக்கு இது கிலோமீற்றருக்கு எட்டரை முதல் பத்து நிமிடம் என்ற அளவில் வரும். விறுவிறென்று நடக்கிற ஒருவர் உங்களைப் பிடித்துவிடுவார் போல இருக்கும். பிடிக்கட்டும்.

சந்தோஷம் ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. ஓட்டத்தால் வரும் அந்த இலேசான மனநிலைக்கு எண்டோர்பின்தான் காரணம் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. ஆனால் இரத்தத்தில் ஓடும் எண்டோர்பின் மூளைக்குள் இலகுவில் நுழையாது. உடம்பே சுரக்கும் எண்டோகனபினோயிட் என்ற வகைப் பொருட்களுக்குத்தான் இதில் பெரும் பங்கு என்று இப்போது கருதுகிறார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று 1992இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. சமஸ்கிருதத்து 'ஆனந்த'வை எடுத்து அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள்; நாங்கள் கண்டுபிடித்திருந்தாலும் வேறு பெயர் வைத்திருக்க மாட்டோம். இது ஆற அமர நடக்கும்போது அவ்வளவாகக் கூடுவதில்லை, உயிரைக் கொடுத்துப் பாயும்போதும் கூடுவதில்லை. நடுத்தர வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் தொடர வேண்டும். இரண்டு நிமிடம் பாய்ந்துவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது வர வழியே இல்லை.

ஆனால் கால் நோவை முதலில் பார்க்க வேண்டும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கதிரையில் இருந்து, நோகிற காலைத் தூக்கி மற்றத் தொடையில் வையுங்கள். கணுக்காலின் உட்புறத்திலிருந்து முழங்காலை நோக்கி, எலும்பின் உள்விளிம்பு வழியே பெருவிரலால் ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டு போங்கள். ஐந்தாறு சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக, பரவலாக நொந்தால் அது எலும்பின் உறையும் அதில் பிடித்திருக்கும் தசைகளும் சுமை தாங்காமல் புண்பட்டது. புதிதாக ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணம். அதற்கு மாறாக ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம் மட்டும் சுரீரென்று நொந்தால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், ஒற்றைக் காலில் துள்ள முடியாவிட்டால், ஓட்டத்தை அன்றோடு நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். அது எலும்பில் நுண்வெடிப்பாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே கிளியர்" என்றதும் மறுநாளே ஓடத் தொடங்குவதுதான் இதில் வழமையாக நடக்கும் பிழை.

பரவலான நோ என்றால் பத்து நாள் ஓட்டத்தை விடுங்கள். நோகாத அளவுக்கு நடக்கலாம். பின்னேரத்தில் துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்தால் நோக் குறையும். ஆனால் அது ஆறுதல் மட்டும், வைத்தியம் அல்ல. வைத்தியம் கெண்டைக்காலைப் பலப்படுத்துவது. வாசற்படி விளிம்பில் பாதத்தின் முன்பாதியை வைத்து, சுவரைப் பிடித்தபடி, இரண்டு எண்ணும் நேரத்தில் குதியை உயர்த்தி, மூன்று எண்ணும் நேரத்தில் இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்காலை நேராக வைத்து ஒரு தொகுதி, சற்று மடித்து இன்னொரு தொகுதி. மடித்துச் செய்வதைப் பலர் விட்டுவிடுவார்கள்; ஓட்டத்தில் கூடச் சுமை தாங்குவது அந்த உள்தசைதான்.

மறுபடி ஓடும்போது காலடியை எண்ணுங்கள். வலது கால் நிலத்தில் படுவதை முப்பது விநாடிக்கு எண்ணினால் நாற்பது அல்லது நாற்பத்திரண்டு வர வேண்டும். முப்பத்தெட்டுக்குக் குறைவு என்றால் நீங்கள் எட்டி வைக்கும் அடி நீளம்: கால் உடம்புக்கு வெகு முன்னால் போய்க் குதியால் இடிக்கிறது, ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிக்கிறது, அந்த அதிர்ச்சியைக் கணைக்கால் வாங்குகிறது. அடியைச் சுருக்குங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். சூடான மணலில் செருப்பில்லாமல் கடற்கரையைக் கடப்பீர்களே, அந்தச் சின்னச் சின்ன அடி.

இனி ஒழுங்கு. முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை. நடுவில் எப்போதும் 24 நிமிடம். முதல் இரண்டு கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. அடுத்த இரண்டு கிழமை இரண்டுக்கு இரண்டு, ஆறு தடவை. பிறகு மூன்று ஓட்டம், ஒரு நடை, ஆறு தடவை. அதன்பின் ஐந்து ஓட்டம், ஒரு நடை, நாலு தடவை. அடுத்து பதினொரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இரண்டு தடவை. இந்த மூன்று படிக்கும் தலா இரண்டு கிழமை. அதற்கடுத்த கிழமை நிற்காமல் 24. வாய்ப்பாடு தடைப்பட்டால் மேலே போகாமல் அதே படியில் இன்னொரு கிழமை நில்லுங்கள். நடை நிமிடங்களை வெட்கமாக நினைத்துக் குறைக்காதீர்கள். இளைப்பதற்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும், இளைத்த பிறகு அல்ல.

நாலாம், ஆறாம் கிழமைக்கு இடையில் ஒரு பொறி இருக்கிறது. மூச்சும் இருதயமும் மூன்று கிழமையில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். "இப்ப நல்லா ஓடுறன், இன்னும் கொஞ்சம் கூட்டுவம்" என்று தோன்றும் அந்த நாட்களில்தான் பெரும்பாலும் கால் மறிக்கும். நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள்: மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலை மறைந்தால் தொடரலாம், மறுநாளும் நின்றால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

நாட்களைப் பிரிப்பதற்கு உங்கள் 112 வழி சொல்கிறது. வெறுவயிற்றில் 110 முதல் 125 வரை சலரோகம் அல்ல, அதன் வாசல். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். பிறகும் ஒருநாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்குக் கூடுதலாக மசிந்துகொடுக்கும். அதனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கக் கூடாது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஓட்டம். சனி அரை மணி நடை. வெள்ளியைக் கோயிலுக்கு விடுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை செய்யுங்கள், அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும். கிழமைக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. இந்த ஒழுங்கு அதை ஒட்டி வந்துவிடும்.

மெலிவதற்காக மட்டும் ஓடாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கலோரிதான் செலவாகும். அறுபது கிலோ உள்ளவர் நாலு கிலோமீற்றர் ஓடினால் 240. ஒரு றோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் அதை நிரப்பிவிடும். தராசைப் பார்த்து ஓடுகிறவர்கள் இரண்டாம் மாதம் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள்.

முழங்காலைப் பற்றிய பயம் பொதுவானது, ஆனால் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு அது பொருந்தாது. 2017இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு பொழுதுபோக்கு ஓட்டக்காரரில் 3.5 சதவீதம், ஓடாமல் இருந்தவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை விழுவது உண்மை. அளவோடு விழும் சுமையைக் குருத்தெலும்பு தாங்கிப் பழகும். ஏற்கெனவே மூட்டு வீங்கியிருப்பவர், சத்திரசிகிச்சை செய்தவர் கதை வேறு. வயதைப் பற்றிக் கேட்டால், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபது வயதைக் கடந்த பிறகு, 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கம் வென்றதை மாமிக்குச் சொல்லுங்கள்.

நெஞ்சு அடிப்பது வேகத்தால்தான் இருக்கும். ஆனால் நெஞ்சை அழுத்துவது, கையிலோ தாடையிலோ நோ ஏறுவது, தலை சுற்றுவது இவற்றில் ஒன்று வந்தால் உடனே நின்று 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தொடங்குமுன் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் ஆருக்கும் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லி ஈசிஜியும் எடுங்கள்.

சப்பாத்து வாங்கப் போவதென்றால் பின்னேரம் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற அதே காலுறையோடு அணிந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். சப்பாத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள்: விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். விலை கூடினால் நல்லது என்றில்லை. கடைக்குள்ளேயே உறுத்துகிற சப்பாத்து வீதியில் மட்டும் உறுத்தாமல் விடாது. 500 முதல் 800 கிலோமீற்றரில் அடி மெத்தை செத்துவிடும், மேல் பக்கம் புதிது போலத் தெரிந்தாலும்.

குதி உள்ளே வழுக்குகிறதா, பெருவிரல் நகம் கறுக்கிறதா? லேஸ் கட்டும் முறையை மாற்றுங்கள். மேலே கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை சும்மா கிடக்கும். வலப்பக்க லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்து அந்த ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு சின்ன வளையம் வரும். இடப்பக்கமும் அப்படியே. இனி வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் கோத்துக் கீழ்நோக்கி இழுத்த பிறகு முடிச்சுப் போடுங்கள். குதி இறுகும், முன்விரல்களுக்கு இடம் தளரும். நகம் கறுப்பது சப்பாத்து சிறியது என்பதால் மட்டும் அல்ல, கால் முன்னுக்குச் சறுக்குவதாலும்தான்.

உடுப்பில் முக்கியமானது மார்புக்கச்சை. ஓட்டத்துக்கென்று தைத்த, இறுக்கமானதை வாங்குங்கள். சப்பாத்தில் மிச்சம் பிடித்தாவது. தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின். காற்சட்டையோ சுடிதாரின் கீழ்ப்பகுதியோ எது என்றாலும் ஓடலாம், சால்வை மட்டும் வேண்டாம். ஊர் இரண்டு கிழமை பார்க்கும், பிறகு வேறு கதை கிடைத்துவிடும்.

வீதியில் வலப்பக்கமாக ஓடுங்கள், எதிரே வரும் வாகனம் கண்ணில் பட வேண்டும். தார் வீதி தண்ணீர் வழிவதற்காக ஓரத்துக்குச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் இழுபடும். ஆளரவமற்ற ஒழுங்கையில் நடுவே ஓடலாம். பள்ளிக்கூட மைதானம் கிடைத்தால் நல்லது, நெருஞ்சி முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கசூரினா கடற்கரைப் பக்கம் போனால் உதிரி மணலில் ஓடாதீர்கள். குதி புதைந்து குதிநார் இழுபடும். அலை நனைத்த இறுகிய மணலில், போன வழியே திரும்பி வாருங்கள்.

காற்றையும் கேளுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் முதலில் தெற்கே நகரப் பக்கம் போய்த் திரும்புங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் கோண்டாவில் பக்கம் முதலில். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும், கால் இலேசாகும். ஆனால் பின்காற்றில் வியர்வை காயாது, உடம்பு சூடேறும். கடைசி ஐந்து நிமிட நடை அதற்குத்தான். சித்திரை, வைகாசியில் விடியற்காலையும் புழுங்கும். அந்த மாதங்களில் அதே வாய்ப்பாட்டு வேகம் இன்னும் மெல்லவே வரும். உங்கள் தகுதி குறைந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம், இருதயத்தின் ஒரு பங்கு உழைப்பு தோலைக் குளிர்த்தப் போகிறது.

வெளிக்கிட முன் ஒரு கிளாஸ் தண்ணீர், வேண்டுமென்றால் பாதி வாழைப்பழம். அரை மணி ஓட்டத்துக்கு வேறொன்றும் தேவையில்லை. வந்து இளநீர் குடிப்பது நல்லது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம், ஆகவே உப்போடு வழமையான காலைச் சாப்பாடும் வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓடுகிறவர்களுக்கு. காரணமில்லாமல் கிழமைக்கணக்காகக் களைத்தால் பெரிட்டின் சோதனை செய்து இரும்புச்சத்தைப் பாருங்கள். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு அது அடிக்கடி குறையும். முருங்கையிலை, கீரை தின்று உடனே தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கட்டாக்காலி நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத்தான் அது துரத்தும். நின்று, பக்கவாட்டாகத் திரும்பி, கண்ணைப் பார்க்காமல், கையைத் தொங்கவிட்டு, மெல்ல நடந்து விலகுங்கள். கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தெரிந்த வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

ஆறேழு கிழமையில் வரும் மாற்றங்கள் சின்னவை. ஓட்டத்தின்போது வருவதைவிட மற்ற நேரத்தில்தான் கூடத் தெரியும். பின்னேரம் சோளகத்துக்கு எதிரே சைக்கிள் மிதிப்பது அவ்வளவு பாரமாக இராது. அலுவலகத்தில் இரண்டு மணிக்குக் கண் சொருகுவது குறையும். படுத்தால் நித்திரை கெதியாக வரும். பிறகு, அந்த 34 நிமிடத்தில் ஆரும் உங்களிடம் ஒன்றும் கேட்க முடியாது. வீட்டையும் வேலையையும் சுமக்கிற ஒரு பெண்ணுக்கு இதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. மெல்ல ஓடினால் ஒழுங்கையும் கண்ணில் படும்: கூட்டிய முற்றத்தில் ஈர்க்குத் தடம், கிணற்று மோட்டர் இழுக்கும் சத்தம், பனையோலை உரசல், பெத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ. தோழி ஒருத்தி சேர்ந்தால் வாய்ப்பாடும் தேவையில்லை. இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால் வேகம் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்கைகளை மூடிவிடும். வெள்ளத்துக்குள் குழி தெரியாது, அந்த நாட்களில் வீட்டுப் படியில் குதி உயர்த்துவதோடு நிறுத்துங்கள். தூறலில் ஓடலாம். நனைந்த சப்பாத்தை வெயிலிலோ அடுப்படியிலோ காயவிட்டால் ஒட்டுப் பசை விட்டுப்போகும். உள்மெத்தையைக் கழற்றி, முதல்நாள் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, விசிறிக் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பேப்பர் ஊறிவிடும்; மாற்றிவிட்டுப் படுத்தால் விடியக் காய்ந்திருக்கும்.